1093-க்கு ஆதரவாக ஒருவர்

சனிக்கிழமை காலை வெண்டல் ஃபால்ஸ் வேட்டைக்காரர் சங்கத்தில் பான்கேக் சாப்பிட வந்தவர்கள் பதினொரு பேர். பதினொரு பேரும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராக, ஒரே எண்ணுக்கு ஃபோன் செய்தார்கள்.

அந்த எண் கோரா விட்காமின் வீட்டு எண். கோரா அந்தத் தொகுதியின் சட்டசபை உறுப்பினர். பிழைப்புக்குப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார். வருஷத்துக்கு நூறு டாலர் வாங்கிக்கொண்டு சட்டசபைக்குப் போகிறார். எங்கள் நியூ ஹாம்ஷயர் மாநிலச் சபையில் உறுப்பினர்கள் நானூறு பேர். நானூறு பேருக்கும் அலுவலகம் கட்டித்தர எவருக்கும் மனம் வராததால் வீட்டு எண்ணையே அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டுவிடுவார்கள். திட்ட நினைப்பவர்கள் சாப்பாட்டு வேளையில் கூப்பிட்டுத் திட்டிக்கொள்ளலாம்.

ஃபோனை நடுமேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார் ரோலி டூசே. ஊரில் இருக்கும் ஒரே துப்பாக்கிக் கடை ரோலியுடையது. சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான்.

“பேரு, ஊரு, மசோதா நம்பரு, எதிர்க்கறேன். அவ்ளோதான். கவித வாசிக்காதீங்கடா,” என்றார்.

“நான் எதிர்த்தா என் பேத்திய பாதி வழியில எறக்கி விட்ருவா,” என்றார் ஒருவர்.

“உன் பேத்திக்கு நடக்கறது நல்லதுதான். உன்ன மாதிரி ஆகாம இருப்பா.”

சிரிப்பு அடங்கியதும் அவரும் பேசினார். ஒவ்வொருவராகப் பேசினார்கள். கோரா சனிக்கிழமைகளில் ஃபோனை எடுப்பதில்லை. பேச்சைப் பதிவு செய்யும் இயந்திரம் பீப் என்று ஒலித்து, சொன்னதை வாங்கி வைத்துக்கொண்டது.

“ஆனா ஒண்ணு சொல்றேன்,” என்றார் ரோலி, வாயில் மேப்பிள் பாகோடு. “எத்தனையோ கூத்து பாத்திருக்கேன், இத மாதிரி பாத்ததில்ல. ஒருத்தன் தன் பேரத் தானே எழுதிக் குடுக்கலாமாம். ‘எனக்குத் துப்பாக்கி விக்காதீங்க’ன்னு. அத அரசாங்கம் ரகசியமா வெச்சுக்குமாம். அவன் கடைக்கு வந்தா கம்ப்யூட்டர் மாட்டேன்னு சொல்லுமாம். எவன்டா எழுதுவான்?”

“என் பொண்டாட்டி என் பேர எழுதுவா.”

“அவ எழுத முடியாது. நீயேதான் எழுதணும்.”

“அப்ப அவ சொல்லி நான் எழுதுவேன்.”

மறுபடியும் சிரிப்பு. ஃபெர்னாண்ட் பிலோடோவும் சிரித்தார். பத்தாவதாக அவர் முறை வந்தது. எழுபத்தொரு வயது, காகித ஆலை மூடும்வரை அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவர். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிற ஆள் இல்லை.

“ஃபெர்னாண்ட் பிலோடோ, வெண்டல் ஃபால்ஸ். மசோதா ஆயிரத்துத் தொண்ணூத்து மூணு,” என்றார். ஒரு மடக்குக் காப்பி குடித்தார். “எதிர்க்கறேன்.”

பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்டினார். ஃபெர்னாண்ட் தட்டிலிருந்த மிச்சத்தைத் தொடவில்லை. ஏனென்றால் அந்தப் பட்டியல் வந்தால் அதில் முதல் பெயராகத் தன் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று மூன்று வாரமாகக் காத்துக்கொண்டிருந்தவர் அவர்.

அப்பா கட்டிய வீட்டில் ஃபெர்னாண்டும் தம்பி லூசியனும் முப்பத்தெட்டு வருஷம் ஒன்றாக இருந்தார்கள். இரண்டு பேரும் ஆலையில் வேலை. கல்யாணம் என்பது லூசியனுக்கு ஒருதரம் கிட்ட வந்து விலகிப் போனது. ஃபெர்னாண்டுக்குக் கிட்டவே வரவில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் அலட்டிக்கொள்ளவும் இல்லை. ஒருவர் சமைத்தால் இன்னொருவர் பாத்திரம் கழுவினார். நவம்பரில் மான் வேட்டைக்குப் போனார்கள். முந்தாண்டு செப்டம்பரில் ஒருநாள் லூசியன் விறகு அடுக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

அந்த நவம்பரில் ஒரு மத்தியானம் ஃபெர்னாண்ட் துப்பாக்கியை எடுத்துச் சமையலறை மேசையில் வைத்துத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகு உள்ளே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அதன் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்போது அவர் மனதில் என்ன இருந்தது என்பதை நான் பூசி மெழுகப் போவதில்லை: இனி இருந்து என்ன என்றுதான் இருந்தது. கணப்புக்கு எண்ணெய் கொண்டுவந்தவன் கதவைத் தட்டி ரசீதில் கையெழுத்து கேட்டான். ஃபெர்னாண்ட் எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டார். பனி வழுக்கும், பார்த்து ஓட்டு என்று அவனிடம் சொன்னார்.

மறுநாள் காலை வீட்டிலிருந்த மூன்று துப்பாக்கிகளையும் ரோலியின் கடையில் கொண்டுபோய் விற்றார். முழங்கால் மலையேற மறுக்கிறது என்று காரணம் சொன்னார். ரோலி நம்பினார். எல்லோருக்கும்தான் முழங்கால் மறுக்கிறது.

அடுத்த நவம்பரில் பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. பதினோராம் நாள் ரொட்டி வாங்கக் கிளம்பியவர் ரோலியின் கடை வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தார். தன் பழைய துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். ரோலியின் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

“வித்துருவேன்னு நெனச்சியாடா? எத்தன பேர் கேட்டானுங்க தெரியுமா? நீ திரும்பி வருவேன்னு எனக்குத் தெரியும்.”

படிவத்தில் கையெழுத்து ஆயிற்று. அரசாங்கத்தின் கணினி சரிபார்த்து அனுமதி தர அரைக் கோப்பை காப்பி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஃபெர்னாண்டுக்கு என்ன தோன்றியதோ, பர்ஸை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொல்லி வெளியே வந்தார். வண்டியில் உட்கார்ந்தார்.  பர்ஸ் சட்டைப் பையிலேயே இருந்தது.

இனி மூன்றாவது நவம்பர் வரும். இப்போது, பிப்ரவரியில், ஃபெர்னாண்ட் நன்றாகத்தான் இருந்தார். சாப்பிட்டார், தூங்கினார், பனி அள்ளினார். ஆனால் நவம்பரில் தனக்குள் வரப்போகும் ஆளை அவர் நம்பவில்லை. நல்லபடியாக இருக்கும்போதே அந்த ஆளின் முகத்தில் கதவைச் சாத்திவிட வேண்டும். 1093 அப்படி ஒரு கதவு.

ரோலியிடம் எனக்கு விற்காதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். சொல்லலாம். சொன்னபிறகு சனிக்கிழமைதோறும் பத்து ஜோடிக் கண்கள் அவர் தட்டையும் முகத்தையும் மாறிமாறிப் பார்க்கும். யாரும் கேலி பேச மாட்டார்கள். அதுதான் தாங்க முடியாதது. பட்டியல் என்றால் யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டு ஃபோனிலிருந்து அதே எண்ணுக்கு அழைத்தார். இயந்திரம்தான் எடுத்தது. “ஃபெர்னாண்ட் பிலோடோ, வெண்டல் ஃபால்ஸ். ஆயிரத்துத் தொண்ணூத்து மூணு. ஆதரிக்கறேன்,” என்று வேகமாகச் சொல்லி வைத்தார். கையோடு கணினியைத் திறந்து சட்டசபையின் படிவத்தையும் நிரப்பினார். ஆதரவா, எதிர்ப்பா? ஆதரவு. யார் சார்பாக? அந்தக் கட்டத்தில் அமைப்பின் பெயரைப் போட வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்து, ‘என் சார்பாக’ என்று அடித்தார்.

பத்து நிமிஷத்தில் ஃபோன் அடித்தது. அந்த ஃபோனுக்கு மருந்து விற்கிறவர்களைத் தவிர வேறு எவரும் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

“ஃபெர்னாண்ட் பிலோடோங்களா? நான் கோரா விட்காம். ஒரு சந்தேகம். வெண்டல் ஃபால்ஸ்ல ஃபெர்னாண்ட் பிலோடோன்னு ரெண்டு பேர் இருக்கீங்களா?”

“ஒருத்தன்தான்.”

“சனிக்கிழம ஒருத்தர் எதிர்க்கறேன்னாரு. இன்னிக்கு ஒருத்தர் ஆதரிக்கறேன்னு சொல்றாரு. கொரல் ஒண்ணாவே இருக்கு. நான் உங்கள எந்தப் பக்கம் கோடு போடறது?”

ஃபெர்னாண்டுக்குக் காது சூடாயிற்று. “சனிக்கிழம பேசினது நான் இல்ல. பான்கேக்.”

கோரா வாய்விட்டுச் சிரித்தார். ஸ்பூன் கிண்ணத்தில் தட்டும் சத்தம் கேட்டது, சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார். “என் நோட்டுல எதிர்ப்பு அறுபத்திரெண்டு கோடு. ஆதரவு ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணும் நீங்க. அறுபத்திரெண்டுல ஒண்ணும் நீங்க.”

“அத அடிச்சிருங்க.”

“அடிச்சுட்டேன். ஆனா காரணம் சொல்லுங்க. நான் சபைக்குப் புதுசு, இது எனக்கு நெசமாவே புரியல. எந்த மனுஷன் தன் பேரத் தானே எழுதிக் குடுப்பாரு?”

“எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான்.”

“யாரு?”

“தெரிஞ்சவன்.”

“அவர என்கிட்ட பேசச் சொல்லுங்களேன்.”

“அவன் பேசற ஆள் இல்ல,” என்று சொல்லி ஃபெர்னாண்ட் ஃபோனை வைத்தார். வைத்த பிறகு, இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம் என்று பட்டது.

மறுநாள் ஆறு மணிக்கு மறுபடியும் கூப்பிட்டார். நேற்றுச் சொல்ல விட்டுப்போனது என்று எதையோ ஆரம்பித்தார். இந்தத் தடவை கோராவே எடுத்தார். புதன்கிழமை கூப்பிட ஒரு காரணமும் இல்லை. வேறொரு மாநிலத்தில் இப்படி ஒரு சட்டம் இருப்பதாகப் படித்தேன் என்றார். கோரா கேட்டுக்கொண்டார். பேருந்தில் கணப்பு வேலை செய்யாததையும், பாலத்துக்குப் பக்கத்தில் பாதையை மறித்துக்கொண்டு இருபது நிமிஷம் நின்ற கடமானையும் பற்றிச் சொன்னார். பிறகு ஏதோ உறவுக்காரரை விசாரிப்பதுபோல, “உங்க ஆளு எப்படி இருக்காரு?” என்றார்.

ஃபெர்னாண்ட் யோசித்தார். “பரவால்ல. இன்னிக்குப் பட்டாணி சூப் வெச்சான்.”

“தனியாவா இருக்காரு?”

“தனியாத்தான். நாலு பேருக்கு ஆகறாப்ல வெச்சுட்டான். அளவு தெரியல அவனுக்கு.”

இப்படியே இரண்டு வாரம் போயிற்று. ஐந்தரைக்கே ஃபெர்னாண்ட் சாப்பாட்டை முடித்துக் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். வெட்கமாகத்தான் இருந்தது. மசோதாவைப் பற்றிச் சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்துபோய், அந்த ஆளைப் பற்றியே பேச்சு நடந்தது. அவன் கூரையில் பனி அள்ளினான். அவனுக்கு ராத்திரி தூக்கம் வந்தது. அவன் தம்பியின் சட்டைகளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. தன்னைப் பற்றி இவ்வளவு பேசி அவருக்குப் பழக்கமே இல்லை. அடுத்தவன் கதையாகச் சொல்லும்போது வாய் தடையில்லாமல் ஓடியது.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் கோரா சொன்னார்: “அறுபத்திரெண்டு பேர் எழுபத்தெட்டு ஆயிட்டாங்க. அடுத்த எலெக்‌ஷன்ல என்னைய உரிச்சுத் தொங்கவிடப் போறாங்க. ஆனா உங்க ஆளுகிட்ட சொல்லுங்க, நாளைக்கு அவருக்கு ஒரு ஓட்டு இருக்குன்னு.”

“சொல்றேன்,” என்றார் ஃபெர்னாண்ட்.  நன்றி சொல்லாமலே ஃபோனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். சபை நடப்பது அதில் தெரியும். நானூறு நாற்காலி, ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். வாக்கெடுப்புக்குச் சற்று முன்னால் எவராவது எழுந்து சபாநாயகரிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். கேள்வி என்று பேர், உண்மையில் அது ஒரு குட்டிப் பிரசங்கம். ‘இன்னது எனக்குத் தெரியும் என்றால், இப்போது நான் சிவப்புப் பொத்தானைத்தானே அழுத்த வேண்டும்?’ என்று முடிக்க வேண்டும். அப்படி முடித்தால்தான் அது கேள்வி. எங்கள் சபையில் இது வெகுகாலமாக நடக்கிற நாடகம்.

1093 வந்தது. அதை ஆராய்ந்த குழு, இது வேண்டாத சட்டம், இதைக் கைவிடலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தது. ஆகவே சபையின் முன் இருந்த தீர்மானம், கைவிடலாம் என்பதுதான். அதற்கு ஆமாம் என்றால் பச்சை. பச்சை ஜெயித்தால் மசோதா செத்தது. மசோதா வேண்டும் என்கிறவர்கள் சிவப்பை அழுத்த வேண்டும். சபாநாயகர் இதைச் சொல்லத்தான் செய்தார். ஒரு நாளில் நாற்பதாவது தடவையாகச் சொல்கிற ஆள் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார்.

பலகையில் எண்கள் ஓடி நின்றன. ஆம் 179, இல்லை 178.

ஒரு வாக்கு.  ஃபெர்னாண்ட் யார் எதை அழுத்தினார்கள் என்ற பெயர்ப் பட்டியலைத் திறந்து கீழே இறங்கிக்கொண்டே போனார். கோரா விட்காம், ஆம்.

ஏமாற்றிவிட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. எழுபத்தெட்டுப் பேருக்குப் பயந்துவிட்டாள், அதை நேற்றே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கோபம் வந்தது. பன்னிரண்டு மணிக்கு ஃபோன் அடித்தபோது எடுக்க வேண்டாம் என்றே நினைத்தார். கை எடுத்துவிட்டது.

“ஃபெர்னாண்ட்! பாத்தீங்களா? ஒரே ஒரு ஓட்டுல போச்சு!” பின்னால் கூட்டத்தின் இரைச்சல். கோராவின் குரல் உடைந்திருந்தது. “உங்க ஆளுகிட்ட சொல்லுங்க, நான் சொன்னபடி பச்சைய அழுத்தினேன். என்னால முடிஞ்சத செஞ்சேன்.”

ஃபெர்னாண்ட் கண்ணை மூடிக்கொண்டார். கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

“கோரா,” என்றார். “பச்சைன்னா கைவிடறது.”

“என்ன?”

“தீர்மானம் கைவிடலாம்னு. ஆமான்னா பச்ச. சட்டம் வேணும்ங்கறவங்க செவப்ப அழுத்தணும்.”

 “ஐயோ கடவுளே,” என்றார் கோரா. “ஐயோ, நானேதானா? நானேதான் கொன்னுட்டேனா?”

“நில்லும்மா. அழாத. நான் சொல்றதக் கேளு.” நீங்க என்பது எப்போது நீயாயிற்று என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. “ஆலைல சங்கக் கூட்டம் பதினாறு வருஷம் நடத்தியிருக்கேன். முடிஞ்சுபோன ஓட்ட மறுபடி எடுக்கணும்னு கேக்கலாம். ஆனா ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவங்கதான் கேக்க முடியும். தோத்தவங்க கேக்க முடியாது. உங்க சபையிலயும் அப்படித்தான் இருக்கும். குமாஸ்தாகிட்ட கேளு. நீ ஜெயிச்ச பக்கம் இருக்க. நீ கேக்கலாம்.”

கோரா மூக்கைச் சிந்தினார். “நானூறு பேர் முன்னாடி எழுந்து, பொத்தான மாத்தி அழுத்திட்டேன்னு சொல்லணும்.”

“ஆமா.”

“மொதல் வருஷ உறுப்பினர், பஸ் ஓட்டறவ. விழுந்து விழுந்து சிரிப்பாங்க. சிரிக்கட்டும், அது பரவால்ல. ஆனா காலைல சபையில எதிர்த்துப் பேசினவன் கேட்டானே, எவன் தன் பேர எழுதுவான்னு. மறுபடி அதத்தான் கேப்பான். நான் என்ன சொல்றது? ஒருத்தருக்குத் தெரிஞ்ச ஒருத்தர்னா?”

ஃபெர்னாண்ட் சமையலறையைப் பார்த்தார். மேசை, இரண்டு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே பனி. இந்த வீட்டில் அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டி வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

“அந்த ஆளு நான்தாம்மா,” என்றார்.

 கோராவுக்கு அது முன்பே தெரிந்திருந்ததா, அப்போதுதான் தெரிந்ததா என்று ஃபெர்னாண்ட் அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

“நவம்பர்ல எனக்கு என்னையே நம்ப முடியல,” என்றார்.  “ரெண்டு தடவ ஆயிருச்சு. மூணாவது தடவ பர்ஸ மறந்துட்டேன்னு சொல்லுவேனான்னு தெரியல.”

“உங்க பேர சொல்ல மாட்டேன். என் ஊர்க்காரர் ஒருத்தர்னு சொல்றேன்.”

“ஒருத்தர்னா எவன்னுதான் கேப்பானுங்க. பேர சொல்லு. ஊரையும் சொல்லு.”

“எல்லாரும் பாக்கறாங்க ஃபெர்னாண்ட். உங்க சங்கத்துல பாக்காதவங்க யாரு?”

“தெரியும்.”

“நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“சொல்லும்மா. நான் மறுபடி யோசிக்கறதுக்குள்ள சொல்லிரு.”

சாப்பாட்டு இடைவேளை முடிய ஒரு மணி ஆயிற்று. ஃபெர்னாண்ட் அந்த ஒரு மணி நேரத்தில் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்ல இரண்டு தடவை ஃபோனை எடுத்தார். கோரா கூப்பிட்ட எண் ஃபோனிலேயே இருந்தது. அழுத்தவில்லை.

கோரா எழுந்து நின்றபோது திரையில் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தார். குட்டையான பெண்மணி, நீலக் கம்பளிச் சட்டை. அவரை ஃபெர்னாண்ட் அதற்குமுன் பேருந்துக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்த்திருந்தார். காலையில் ஜெயித்த பக்கம் வாக்களித்தவள், தவறாக அழுத்திவிட்டேன், மறுபடியும் எடுக்க வேண்டும் என்று சொன்னார். எதிர்பார்த்த சிரிப்பு வந்தது. சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார். மறுபடியும் எடுக்கலாம் என்பவர்கள் பச்சை, வேண்டாம் என்பவர்கள் சிவப்பு என்று அழுத்தம் திருத்தமாக, கோராவைப் பார்த்தே சொன்னார். அதற்கும் சிரித்தார்கள்.

“சபாநாயகர் அவர்களே, ஒரு கேள்வி,” என்றார் கோரா. கையில் காகிதம் இல்லை. “என் தொகுதியில், வெண்டல் ஃபால்ஸ் ஊரில், ஃபெர்னாண்ட் பிலோடோ என்று ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும் என்றால், தன் பெயரை எவன் எழுதுவான் என்று இந்தச் சபையில் காலையில் கேட்டபோது, நான் எழுதுவேன் என்று அவர் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டிருந்தார் என்பதும் எனக்குத் தெரியும் என்றால், இப்போது நான் பச்சைப் பொத்தானைத்தானே அழுத்த வேண்டும்?”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். “உறுப்பினர் தமக்குச் சரி என்று பட்டதை அழுத்தலாம்,” என்றார் சபாநாயகர். அவர் எப்போதும் சொல்கிற பதில்தான்; ஆனால் மெதுவாகச் சொன்னார்.

பலகையில் எண்கள் ஓடின. ஆம் 176, இல்லை 180.

நாலு வாக்கு வித்தியாசத்தில் மறுவாக்கெடுப்புக் கோரிக்கை தோற்றது. சபை அடுத்த மசோதாவுக்குப் போயிற்று. ஏரிகளில் படகு ஓட்டும் வேகம் பற்றியது. ஃபெர்னாண்ட் கணினியை மூடினார். பட்டியலும் இல்லை, ரகசியமும் இல்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு கதவைச் சாத்தப் பார்த்த மனிதர், வீட்டின் எல்லாக் கதவையும் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஃபோன் அடிக்கவில்லை. கோரா சபை முடியாமல் கூப்பிட முடியாது. மற்றவர்கள் கூப்பிட்டால் என்ன சொல்வார்கள்? அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் கூப்பிட்டிருக்க மாட்டேன் என்று ஃபெர்னாண்ட் நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததும் இந்த உலகத்தில் தன்னைப் போல் தனியாள் கிடையாது என்று பட்டது.

நான்கு மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ரோலி கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். பனிக்காலணியோடு மிதியடிமேல் நின்றார். முகம் சிவந்திருந்தது.

“கடைல ரெண்டு பேர் இருந்தானுங்க,” என்றார். “ஃபோன்ல பாத்துட்டு இருந்தோம். அந்தப் பொம்பள உன் பேரச் சொன்னதும் ஒருத்தன் சிரிச்சான். வெளிய போடா நாயேன்னுட்டேன்.”

“உனக்கு வியாபாரம் போச்சு.”

“வாய மூடு.” ரோலி தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினார். “உன் துப்பாக்கிய மாசாமாசம் எடுத்து எண்ணெய் போட்டு வெச்சேன்டா. உனக்காக. உனக்கு நல்லது பண்றேன்னு நெனச்சுட்டு. அன்னிக்கு அதத் தூக்கி உன் கைல குடுத்தேன்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரிஞ்சிருக்கணும்! நாப்பத்தஞ்சு வருஷமா தெரியும் உன்ன. அவகிட்ட சொன்னியே, அவ யாரு உனக்கு? பஸ் ஓட்டறவ. அவகிட்ட சொல்லத் தெரிஞ்ச உனக்கு என்கிட்ட வாய் தொறக்கத் தெரியலயா?”

“அவ எனக்கு யாரும் இல்ல. அதான் சொல்ல முடிஞ்சுது. உன்ன நான் சனிக்கிழமசனிக்கிழம பாத்தாகணும்.”

 ரோலிக்குக் கோபம் தீரவில்லை, ஆனால் அதை வீச ஆள் அகப்படவில்லை. இனி இந்தப் பக்கத்தில் எவனும் உனக்கு ஒரு தோட்டாகூட விற்க மாட்டான், நான் எல்லாக் கடைக்கும் ஃபோன் செய்துவிட்டேன் என்று முறைப்பாகச் சொன்னார். ஃபெர்னாண்ட் தலையாட்டினார். கேட்டது கிடைத்துவிட்டது, இப்படிக் கிடைக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

“அந்த மொத நவம்பர்,” என்றார் ரோலி. குரல் இறங்கியிருந்தது. “லூசியன் செத்துப்போன வருஷம். அப்ப நான் என்னடா பண்ணிட்டு இருந்தேன்?”

“மான் அடிச்சிருந்த. பெருசு. எனக்கு ஒரு தொட கொண்டுவந்து குடுத்த.”

“இங்கயா வந்தேன்?”

“இங்கதான். நான் உன் கடைல துப்பாக்கிய வித்ததுக்கு மறுநாள். இப்ப நிக்கறியே, அதே எடத்துல நின்னு குடுத்த. உக்காருன்னு சொன்னேன். கடையத் தொறந்து போட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்ட.”

ரோலி தான் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார். காலணியிலிருந்து பனி உருகி மிதியடியில் ஊறிக்கொண்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார். அவருக்கும் முழங்கால் மறுத்தது. ஒரு காலணியைக் கழற்றுவதற்குள் மூச்சு வாங்கியது.

“இன்னிக்குக் கடையச் சாத்திட்டுத்தான் வந்தேன்,” என்றார்.